சுவர்ப் பக்கம் ஒரு கைப்பிடி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் தயவுசெய்து மடித்து வைத்துவிடு. விடுதித் தோழிகளிடம் காட்டாதே. முக்கியமாக, இப்படி ஒரு கடிதம் வந்தது என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. வாக்குக் கொடுத்தால்தான் மேலே படிக்க வேண்டும். கொடுத்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். கை வேலையாக இருக்கிறது என்பாள். அதில் நான் என்ன ரகசியம் பேசுவது?

முதலில் நல்ல செய்தி. மாடிப்படிக்குக் கைப்பிடிக் கம்பி வந்தே விட்டது. வீடு கட்டிய நாளிலிருந்து "அடுத்த மாசம் போட்டுடலாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த அதே கம்பிதான். பளபளவென்று எவர்சில்வர் குழாய். கீழே நெருக்கமாக நிற்கும் கம்பிகளுக்கு நடுவில் குழந்தை தலை நுழையாது என்று வெல்டிங்காரர் சொன்னார். அப்பா நம்பாமல் என் தலையை வைத்துப் பார்க்கச் சொன்னார். நுழையவில்லை. "மூளை பெருசு" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பழைய காக்கிச் சட்டையால் துடைக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டுத்தான் போக வேண்டும். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரையும் விடவில்லை. "கம்பியைப் பிடிச்சு ஏறுங்க சார், படியில நிக்காதீங்க" என்கிறார். நாள் முழுக்கப் பஸ்ஸில் கத்துவது போதாதாம். எதிர்வீட்டு அக்கா ஏறி இறங்கிவிட்டு, "நல்லவேளை, டிக்கெட் கேக்காம விட்டீங்க அண்ணே" என்றாள்.

அம்மா விழுந்த பிறகுதான் கம்பி போட்டார்கள் என்று உனக்குத் தெரியும். ஈரத் துணி வாளியோடு மாடிக்கு ஏறும்போது கால் தடுக்கிவிட்டது, முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள். அப்பாவுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அக்கா, கால் தடுக்கவில்லை. நான் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தேன். வாளி அம்மாவின் இடது கையில் இருந்தது. விரல்கள் தானாக விரிந்தன. வாளி நழுவியது, அதைப் பிடிக்கக் குனிந்தவள்தான் சரிந்தாள். கீழே உட்கார்ந்துகொண்டு முழங்காலைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னிடம், "கை கொஞ்சம் மரத்துப்போச்சுடி, தூக்கத்துல அமுக்கிப் படுத்திருப்பேன். அக்காகிட்ட உளறிடாதே. அவ பரீட்சையை விட்டுட்டுப் பையைத் தூக்கிட்டு வந்து நிப்பா. அப்பாகிட்டயும்தான். அந்த மனுஷன் ஒரு தும்மலுக்கே ஆம்புலன்ஸ் கூப்பிடறவரு" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் எல்லோரும் தூங்கியபின் அரை வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துவிடு.

கம்பி போட வந்த அன்று வெல்டிங்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டார். "எந்தப் பக்கம் விழுவாங்களோ அந்தப் பக்கம்" என்றார் அப்பா. அதுவும் நியாயம்தான், அந்தப் பக்கம் வெட்டவெளி. அம்மா அடுப்படியிலிருந்து, "சுவர்ப் பக்கமும் ஒண்ணு போட்டா நல்லாருக்குமே" என்று மெதுவாகச் சொன்னாள். அப்பா, "சுவர் எங்க ஓடிப்போகப் போகுது? அதான் நின்ன இடத்துலயே நிக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். மறுபடி அவள் கேட்கவே இல்லை.

நீ மனசுக்குள் நம் படியில் ஏறிப் பார். ஏறும்போது கம்பி வலது கைக்கு வரும். அம்மாவுக்குச் சிரமமில்லை. இறங்கும்போது? இடது கைக்கு வந்துவிடும். வலது பக்கம் வெறும் சுவர், பிடிக்க ஒன்றுமில்லை.

அதனால் அம்மா பின்பக்கமாக இறங்குகிறாள். ஏணியில் இறங்குவதுபோல் முகத்தை மாடிப் பக்கம் வைத்துக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து, காலால் படியைத் தேடித் தேடி இறங்குகிறாள். முதல் தடவை பார்த்துவிட்டு என்னம்மா இது என்றேன். "உங்கப்பா பஸ்ஸு மட்டும்தான் ரிவர்ஸ் எடுக்குமா? விசில் குடுடி" என்றாள். நானும் கீழே நின்று "வரலாம், வரலாம், வரலாம்... ஹோல்டான்" என்று சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து தினமும் அதுதான் எங்கள் விளையாட்டு. அப்பா இல்லாத நேரத்தில் மட்டும்.

நான் பள்ளிக்கூடம் போனபின் யார் விசில் கொடுப்பார்கள் அக்கா? கணக்கு வகுப்பில் அதுதான் நினைப்பு. டீச்சர் எழுப்பிக் கேட்டபோது "ஹோல்டான்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கிராப்புத் தலையைப் படத்தில் பார்த்துக் கேலி செய்தாயே, அது நான் கேட்டு வெட்டியது இல்லை. பின்னல் போட இரண்டு கை வேண்டும்.

இன்று சாயங்காலம்தான் பெரிய பயம். அம்மா மாடியிலிருந்து பாதி இறங்கியிருந்தாள். ஷிப்ட் மாறி அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா படியிலேயே சட்டென்று திரும்பினாள். எல்லோரையும் போல முன்பக்கமாக, சிரித்துக்கொண்டே இறங்கினாள். இடது கை கம்பிமேல் இருந்தது. பிடிக்கவில்லை, சும்மா வைத்திருந்தாள். ஒரு படியில் கால் காற்றில் துழாவியது. அப்பா நிமிர்ந்து பார்த்து, "மேடம் என்ன ஒய்யாரமா இறங்கறாங்க பாரு. எல்லாம் கம்பி வந்த ராசி" என்றார். கீழே வந்த அம்மாவின் கழுத்தெல்லாம் வியர்வை. அப்பா அப்புறம் டீயைக்கூடக் குடிக்காமல் ரொம்ப நேரம் படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பியை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ ஒன்று செய்ய வேண்டும். லீவுக்கு வரும்போது சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி இருக்க வேண்டும் என்று நீயே கேட்பதுபோல் அப்பாவிடம் கேள். காரணத்தை நீயே கண்டுபிடி. பொய் சொல்வதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி. நீ கேட்டு அவர் எதையும் இல்லை என்றதில்லை. அது வந்துவிட்டால் அம்மா தனியாகவும் பயமில்லாமல் இறங்கலாம்.

ஆனால் அக்கா, கைப்பிடி போட்டுவிட்டால் கை சரியாகிவிடுமா? நீ அங்கே ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனை பேர் கையைப் பிடித்துப் பார்க்கிறாய். தூக்கத்தில் அமுக்கிப் படுத்தால் ஒரு கை இவ்வளவு நாள் மரத்துப்போயிருக்குமா? உன் புத்தகத்தில் பார்த்துச் சொல். சின்ன விஷயம்தான் என்றால் உடனே எழுது. பெரிய விஷயம் என்றால்... அதையும் எழுது. என் தோழி வீட்டு விலாசத்துக்கு எழுது, கீழே தருகிறேன்.

உன் பரீட்சை நல்லபடியாக நடக்க வேண்டும். ராத்திரி சாப்பிடாமல் படிக்காதே. அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், சிரிக்கிறாள், என்னைத் திட்டுகிறாள். உன்னை வா என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதக் கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறேன். எழுதவே இல்லை, சரியா? நீயாகவே எப்போது

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. அம்மா எழுந்துவிடக் கூடாதென்று குசுகுசுவென்று கூப்பிடுகிறார். "வாலு, தூங்கலைன்னு தெரியும், கதவைத் தெற. உங்கம்மா கம்பியைப் பிடிக்கவே இல்லையேடா, சும்மா தொட்டுக்கிட்டுத்தானே எறங்குனா? அந்தக் கைக்கு என்ன