கரை இல்லாத குழி

இன்று காலை ரவை எடுக்க அலமாரியைத் திறந்தேன். வாய் பிரித்து வைத்திருந்த பொட்டலத்தின் நடுவில் ஒரு சின்னக் குழி தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்றது. ஓரத்து ரவை மெல்லச் சரிந்து நடுவுக்கு வந்து காணாமல் போனது. அடியில் எலி கடித்திருக்கிறது. பலகை இடுக்கு வழியாகக் கீழ்த்தட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. பொட்டலத்தைத் தூக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குழி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எம்புட்டு உள்ள போச்சோ அம்புட்டுதான் குழி." உன் குரல்தான். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது.

ஆனைக்குட்டத்தில் ஒரே தெரு, பள்ளியில் ஒரே பெஞ்சு நமக்கு. பத்தாம் வகுப்பில் என்னைவிடப் பதினேழு மார்க் கூடுதலாக வாங்கினாய். இருந்தும் அடுத்த வாரமே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாய். உன் அப்பாவால் அப்போது நடக்க முடியவில்லை, உனக்குக் கீழே இரண்டு தங்கைகள். நான் படிப்பைத் தொடர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. மதுரையில் முதுகலை நிலவியல் சேர்ந்தபோது, அது என்ன படிப்பு என்று நீ கேட்டாய். மண், கல் பற்றியது என்றேன்.

"அதுக்கா புள்ள மதுர வரைக்கும் போறே? எங்க போர்மேன் தெனமும் எங்க தலையில மண்ணள்ளிப் போடுதாரு. நாங்க ஓசியிலயே படிக்கோம்."

இரண்டாம் ஆண்டுப் பொங்கல் விடுமுறைக்கு ஒரு பழைய மீன் தொட்டியுடன் ஊருக்கு வந்தேன். வாசலில் வைத்து மண்ணைக் கொட்டினேன், வாரினேன், மறுபடி கொட்டினேன். நீ தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து எட்டிப் பார்த்தாய்.

"என்னடி, தண்ணியில்லாம நண்டு வளக்கியா?"

பிரௌசிங் சென்டரில் எடுத்து வந்த படங்களைக் காட்டினேன். செவ்வாய் கிரகத்தில், ஒரு பெரிய எரிமலையின் பக்கத்தில், நூல் பிடித்தது போல வரிசையாகக் குழிகள். விண்கல் விழுந்த குழி என்றால் சுற்றிலும் கரை எழும்பியிருக்கும், தெறித்த மண் நாலாபக்கமும் கிடக்கும். இந்தக் குழிகளில் அது எதுவும் இல்லை. கீழே பாறை விரிசல் விட்டு வாய் திறந்திருக்கலாம். அல்லது எரிமலைக் குழம்பு வடிந்து ஓடி, பின்னால் வெறும் குகையை விட்டுப் போயிருக்கலாம். மேலே தளர்ந்து கிடக்கும் மண்ணும் கல்லும் அந்தக் காலியிடத்துக்குள் இறங்க, மேற்பரப்பு உள்வாங்கிக் குழியாகிறது. நம் பூமியிலும் எரிமலைப் பகுதிகளில் இப்படி நடப்பதுண்டு. இதற்குச் சின்ன அளவில் ஒரு மாதிரி செய்து காட்டுவதுதான் என் ப்ராஜெக்ட். தொட்டியின் அடியில் இரண்டு பலகைகளைச் சேர்த்து வைத்து, மேலே மண்ணைப் பரப்பி, பலகைகளை விலக்குவேன். ஒவ்வொரு முறையும் நீளமாக ஒரு வாய்க்கால்தான் விழுந்தது. தனித்தனிக் குழி ஒன்றுகூட வரவில்லை. மூன்று மாதமாக இதே கதை என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ படத்தை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "இதுக்கா மூக்க உறிஞ்சுதே? நான் ஒரு நாளைக்கு நூறு தடவ பாக்கேன்."

ஓடிப்போய் உங்கள் வீட்டிலிருந்து கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு வளையத்தைக் கொண்டுவந்தாய். அறுகோண இரும்பு வளையம், அதற்குள் நெருக்கமாக நிறுத்திய காகிதக் குழாய்கள். உன் வேலை, குழாய்களின் அடியை அடைக்கக் களிமண் தூள் போடுவது. வளையத்தின் மேல் தூளைப் பரப்பித் தட்டினால் ஒவ்வொரு குழாய்க்கு நேர் மேலேயும் ஒரு சின்னக் குழி விழும். உள்ளே எட்டிப் பார்க்கவே வேண்டாம் என்றாய். "குழி விழுந்துக்கிட்டே இருந்தா கீழ இன்னும் காலி. நின்னுருச்சுன்னா நெறஞ்சுருச்சு. எம்புட்டு உள்ள போச்சோ அம்புட்டுதான் குழி."

தொட்டியில் ஒரே வரிசையாக ஏழு குழாய்களை நிறுத்தினாய். சுற்றிலும் களிமண்ணால் அணைத்து, வாய்களின் மேல் ஒரு அட்டை, அட்டையின் மேல் சலித்த மண். அட்டையை ஒரே இழுப்பில் உருவினாய். ஏழு குழிகள் விழுந்தன. வட்டமாக, சரிவாக, கரையே இல்லாமல், படத்தில் இருந்தது போலவே. இன்னும் நீளமான குழாய்களை வைத்தபோது மண் மேலும் மேலும் இறங்கியது. குழிகள் அகன்று ஒன்றையொன்று தொட்டு, கடைசியில் ஒரே வாய்க்கால் ஆகிவிட்டன.

"பாத்தியா, ஒன் வாய்க்கால் தப்பில்ல. அது கடைசியில வாரது. நீ எடுத்த எடுப்புலயே வாயப் பூராவும் தொறந்துட்டே. பூமி அப்படியா வெடிக்கும்? ஓரிடத்துல அகலமா இருக்கும், ஓரிடத்துல இறுக்கமா இருக்கும்."

அதோடு நிற்கவில்லை. படத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்த ஒரு குழியின் மேல் விரலை வைத்தாய். "இங்கன மண்ணு கனம்." மேலே கிடக்கும் மண் ஆழமாக இருந்தால்தான் அவ்வளவு அகலமாகச் சரிய முடியும் என்றாய். பல மாதம் கழித்து ஒரு ஆய்வுக் கட்டுரையில் அதே விஷயத்தை இரண்டு பக்கத்துக்குப் படித்தேன்.

"கண்காட்சியில பரிசு கெடைச்சா என்னையும் கூப்பிடணும், ஆமா."

"ஒன்னைய விட்டுட்டுப் போவனா?" என்றேன்.

துறைக் கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மண் போதவில்லை. மதுரையில் கிடைத்த மணல் பருக்கையாக இருந்தது. நம் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து, சலித்த மண் ஒரு பை வேண்டும், கண்டக்டரிடம் கொடுத்துவிடு என்றேன். கம்பெனியில் ஆர்டர் நெருக்கும் நேரம். லீவு கேட்டால் போர்மேன் கத்துவார். அதனால் நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட நம்பியிருந்தேன் என்று சொல்ல வேண்டும். ஊரில் என் கூட்டாளி ஒருத்தி இதைச் செய்து காட்டினாள் என்று விடுதியில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

நீயே வந்தாய். தீபாவளிக்கு எடுத்த தாவணி, இடுப்பில் மண் பை. வெடிமருந்து அறைப் பக்கம் போய் வந்திருக்கிறாய் போல, நகக் கணுவிலும் முன் மயிரிலும் அலுமினியப் பொடி மின்னியது. என் மேசைக்கு முன்னால் பேராசிரியரும், வெளியூரிலிருந்து மதிப்பிட வந்த ஒரு அம்மாளும் நின்றிருந்தார்கள். சுற்றிலும் என் வகுப்புப் பிள்ளைகள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"யாரும்மா இவங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"மண் கொண்டு வந்தவங்க, மேடம்."

அதுவரை உன்னை நான் 'அவங்க' என்று சொன்னதே இல்லை. உன்னைத் தள்ளி நிறுத்த அந்த மரியாதை எனக்குப் போதுமானதாக இருந்தது.

நீ ஒரு முறை இமைத்தாய். அவ்வளவுதான். "ஆமாங்க மேடம். எங்கன எறக்கணும்னு சொன்னீகன்னா எறக்கிட்டுப் போயிருவேன்." இறக்கினாய். பையை உதறி மடிக்க ஆரம்பித்தாய்.

நான் அட்டையை உருவினேன். குழிகள் விழுந்தன. இந்த யோசனை எப்படி வந்தது என்று அந்த அம்மாள் கேட்டார். படித்ததை வைத்து நானே யோசித்தேன் என்றேன், நீ கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும்போது. அவர் படத்தில் இருந்த பெரிய குழியைக் காட்டி, இது மட்டும் ஏன் இப்படி என்றார். எனக்கு மறந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். மண்ணைக் கையால் நிரவுவது போலக் குனிந்து, உதடு அசையாமல் நீ சொன்னாய்: "அங்கன மண்ணு கனம்லா."

"அந்த இடத்தில் தளர்ந்த மண் படலத்தின் தடிமன் அதிகம், மேடம்" என்றேன்.

முதல் பரிசு. பெயரைக் கூப்பிட்டபோது உன்னைத் தேடினேன். நீ பஸ் ஏறியிருந்தாய். மேசைக்கு அடியில் மடித்து வைத்த பை இருந்தது. அதற்குள் சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, தெருவில் எல்லோரும் பார்க்க, "என்ன மேடம், மண்ணு எதும் எறக்கணுமா?" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். நீ கோபப்படுவாய் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீ அதற்கு இடமே தரவில்லை. உனக்கு வெம்பக்கோட்டையில் கல்யாணம் ஆனது. அடுத்த தீபாவளிக்குச் சொல்லிவிடலாம், அதற்கடுத்த தீபாவளிக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு உனக்கு மஞ்சள் காமாலை என்று என் அம்மாவிடமிருந்து போன் வந்தது. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னையப் பத்திப் பேசாத நாளு கெடையாது தாயி. காலேஜுல அம்புட்டுப் பேரு முன்னால, 'இவதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா'ன்னு கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போனியாமே. ஊரு பூராவும் சொன்னா."

"ஆமா, அத்தே" என்றேன்.

உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யை நீ யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பற்றி நல்லதாக ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாய். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த மதிப்பீட்டாளர் அம்மாளின் முகத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அதில் ஏளனம் கொஞ்சம்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் கூட்டாளி, இவள்தான் சொல்லிக்கொடுத்தாள் என்றிருந்தால், அவர் உன்னிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார். நீயும் சளைக்காமல் பதில் சொல்லியிருப்பாய். மேலேயிருந்து என் மேல் எதுவும் விழவில்லை. கீழே நான்தான் காலியாக இருந்தேன்.

இப்போது ஒரு கல்லூரியில் நானே செய்முறை வகுப்பு எடுக்கிறேன். உன் வளையம் என்னிடம்தான் இருக்கிறது. துருவேறியிருக்கிறது, குழாய்களை மட்டும் மாற்றி, அதிலிருந்து ஏழை எடுத்துத் தொட்டியில் நிறுத்துகிறேன். ஏழு குழிகள் விழும்போது பிள்ளைகள் கை தட்டுவார்கள். யார் மேடம் இதைக் கண்டுபிடித்தது என்று எல்லா வருடமும் யாராவது கேட்பார்கள். இது பழைய முறை என்று சொல்லி மேற்கொண்டு போய்விடுவேன்.

நாளைக்கு மறுபடி அந்த வகுப்பு. மிச்சமிருந்த ரவையை டப்பாவில் கொட்டிவிட்டு, யாருமில்லாத சமையலறையில் அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை 'இது பழைய முறை' என்றே வாயில் வந்தது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. "என் கூட்டாளி. ஆனைக்குட்டம். பட்டாசுக் கம்பெனியில் மண் போடுவாள்." பிறகு உன் பெயரைச் சொன்னேன்.