நான் கட்டிவிட்ட கறுப்பு பெல்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

மயில்சாமி மஸ்கட்டிலிருந்து எழுதறேனுங்க. போன்ல பேசினா உங்களுக்குச் சரியாக் கேக்கறதில்லைன்னு உங்க மருமக சொன்னா, அதான் கடிதம். மூட்டு வலி தேவலைங்களா? நான் நல்லா இருக்கறேனுங்க.

போன வாரம் நான் கராத்தே சொல்லிக்குடுக்கற ஜிம்முல பெல்ட் தேர்வுங்க. ஜிம் முதலாளியோட தம்பி அடியும் தடுப்பும் பாதியில மறந்து நின்னுட்டாரு. "பரவால்ல, கறுப்பு பெல்ட்டைக் கட்டிவிடுங்க மாஸ்டர்"னாரு முதலாளி. கட்டிட்டேனுங்க. திருச்செங்கோட்டுல இருபத்தஞ்சு வருசம் வகுப்பு நடத்தினப்ப, கவுன்சிலர் மகனுக்கே மாட்டேன்னவன் நான்.

கயல்விழின்னு ராசிபுரத்துப் பொண்ணு, இங்க நர்ஸா இருக்குது, என்கிட்டத்தான் கராத்தே கத்துக்குது. முழங்கை வளையுதுன்னு அதை ரெண்டு தரம் தேர்ச்சியில்லைன்னு அனுப்பியிருந்தேன். தம்பி இடுப்புல பெல்ட்டைப் பாத்துட்டு, "எனக்குத் தேர்ச்சியில்லைன்னு சொன்னது நிசம்னு நம்புனேனுங்க மாஸ்டர்"னுச்சு. "உன் வேலையைப் பாரு"ன்னு அதட்டிட்டேன்.

அப்புறம் எனக்குச் சோறு இறங்கலைங்க. அடுத்த வகுப்புல எல்லாரு முன்னாடியும், அந்த பெல்ட்டை நான் குடுத்தது தப்புன்னு சொல்லிட்டேன். முதலாளி வகுப்பை நிறுத்திட்டாருங்க, இப்ப ஜிம் வாசல்ல வர்றவங்களுக்குத் துண்டு எடுத்துக் குடுக்கறேன். சிரமமில்லாத வேலைதான், கவலைப்படாதீங்க. மருமகளுக்குத் தெரிய வேண்டாம்.

யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா கொள்ளுப்பொடி குடுத்தனுப்புங்க. ஊட்டுல எல்லாரும் நிக்கற போட்டோ ஒண்ணும் வேணுங்க.

இன்னைக்குக் கயல்விழி துண்டு வாங்க வந்துச்சு. பழையபடியே குனிஞ்சு வணக்கம் வெச்சுது. பதிலுக்குக் குனிஞ்சவன், அது உள்ள போற வரைக்கும் நிமிரலைங்க அப்பா.

ஆளுங்க வந்துட்டாங்க, நிறுத்திக்கறேன்.

உங்க மகன்
மயில்சாமி