ஏரியை யார் மூடினார்கள் என்று கேட்ட வகுப்பு

அன்புள்ள ஸ்டெல்லா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இன்னமும் வாய் வருகிறது. நீ கண்மூடிய பின் உன் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெங்களூர் ஆஸ்டின் டவுன் பள்ளியில் நாம் ஒன்றாக வேலை பார்த்த நாளிலேயே, சுற்றுச்சூழல் பாடத்தை நான் எப்படி முடிப்பேன் என்று கேலி செய்வாயே: பிளாஸ்டிக் வேண்டாம், மரம் நடுவோம், மணி அடித்தாயிற்று. நீயோ, பிள்ளைகள் எந்தச் சட்டம் வேண்டும் என்றாலும், "இதனால யாருக்குக் கஷ்டம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாய். எனக்குச் சும்மா இருக்க வருமா?

போன வாரம் ஏரிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. மஞ்சுநாத் எழுந்து, ஏரியைக் கன்னடத்தில் சொல்லி, "கெரேக்குள்ள கட்டின வீட்டையெல்லாம் இடிச்சிடணும் மிஸ்" என்றான். வகுப்பே கைதட்டியது. சுமதி மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் வீடு மண் கொட்டி மூடிய ஏரியில்தான் இருக்கிறது என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பேச்சை மரம் நடுவதற்குத் திருப்ப நாக்கு துடித்தது. திருப்பினால் அவள் அந்தத் தலையை நிமிர்த்தவே மாட்டாள் என்றும் தோன்றியது. உன் கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

அந்த அமைதியை நீ எப்படித்தான் தாங்கினாயோ!

சுமதிதான் எழுந்தாள். "எனக்குக் கஷ்டம் மிஸ். எங்க வீடு அங்கதான். மழை வந்தா கட்டில் மேல ஏறி உக்காந்துக்குவோம். ஏரின்னு சொல்லி யாரும் எங்கப்பாவுக்கு இடத்தை விக்கலை."

மஞ்சுநாத்தின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் உட்காரவில்லை. "அப்போ மூடினது யாரு? கரண்ட் கனெக்‌ஷன் குடுத்தது யாரு? அவங்களை ஏன் ஒண்ணும் கேக்கறதில்லை?"

"கேட்டாலும் தண்ணிக்குப் போக எடம் வேணுமே. அதுக்கு என்ன பண்றது?" என்றாள் சுமதியே.

வீட்டை இடிப்பதில் தொடங்கிய பேச்சு, ஒருவர் செய்த தவறுக்கு இன்னொருவர் ஏன் வீடிழக்க வேண்டும் என்பதில் வந்து நின்றது. எனக்கும் பதில் தெரியவில்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. கணக்கு சார் வாசலில் நின்று முறைத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். நீ பார்க்கவில்லையே என்பதுதான் குறை.

இன்று காலை சுமதி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். "மிஸ், மஞ்சுநாத் எங்க ஏரியாவைப் பாக்கணுங்கறான். கிளாஸ்ல பாதிப் பேர் வராங்களாம். சனிக்கிழமை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

நானும் போகிறேன், ஸ்டெல்லா. வழியில் பாடம் நடத்தமாட்டேன், சத்தியம்.

உன் கூடப் பிறக்காத வாயாடி அக்கா,
பத்மா