ரோஸ்லின் வாசிக்காத பகுதி

அக்டோபர் 3, வியாழன்

பாகூரில் ஏரிப் பாசனக் கூட்டம். பேப்பருக்குச் செய்தியை அனுப்பிவிட்டு உறுவையாறு வந்து சேர மாலையாகிவிட்டது. மகள் ரோஸ்லின் வாசலிலேயே சேதி சொன்னாள். நவம்பர் 22, புனித செசிலியம்மாள் திருநாளன்று பள்ளியில் பேண்ட் கச்சேரி. பாடங்களுக்கு இடைஞ்சல் கூடாதென்று மதிய உணவு வேளையில் வைத்திருக்கிறார்கள். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் எல்லாம் சேர்த்து ஒன்பது பிள்ளைகள். கிளாரினெட் இவள் ஒருத்திதான். நடுவில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, இவள் மட்டும் வாசிக்கும் ஒரு பகுதி இருக்கிறதாம். சொல்லும்போதே இருமினாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

இருமல் நிற்கவில்லை. பூசையில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அல்போன்சா வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"ஊதி ஊதி நெஞ்சு காஞ்சிடுச்சிங்க. அந்தக் கொழல மொதல்ல ஸ்கூல்ல குடுத்துட்டு வாங்க."

"ஊதறதால இருமல் வராதும்மா."

"நீ இன்னா பெரிய டாக்டரா?"

"டாக்டர் இல்ல. கிளாரினெட்டு."

சிரித்தோம். சிரிப்பில் ரோஸ்லினுக்கு மறுபடி இருமல் வந்தது. நாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

சளிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. காசநோய்.

டாக்டர் இளம்பெண். நிதானமாகச் சொன்னார். ஆறு மாதம் மாத்திரை. விடாமல் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும். வாத்தியம் வாசிப்பதால் வரும் நோயல்ல. மூடிய அறையில் பலர் நெடுநேரம் சேர்ந்திருந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும்.

எனக்குப் பேண்ட் அறை ஞாபகம் வந்தது. பக்கத்து வகுப்புக்குச் சத்தம் போகாமலிருக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டுதான் பயிற்சி. உள்ளே ஒன்பது பிள்ளைகள். எத்தனை வாரமாக இவள் இருமிக்கொண்டிருந்தாள்?

அக்டோபர் 16, புதன்

டைபாய்டு என்று சொல்லிவிடலாம் என்கிறாள் அல்போன்சா. "பொம்பளப் புள்ள. நாளைக்கு எவன் வருவான் பொண்ணு கேட்டு?"

மற்ற பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டாமா என்றேன். அழுதாள்.

ரோஸ்லின் அடுத்த அறையிலிருந்து கேட்டாள். "சொல்லாம வுட்டா நான் வாசிக்கலாமாப்பா?"

சொன்னால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் 17, வியாழன்

சொல்லிவிட்டேன். தலைமை ஆசிரியையிடமும் பேண்ட் மாஸ்டர் ஜான் பீட்டரிடமும்.

அக்டோபர் 28, திங்கள்

மற்ற எட்டுப் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். சாக்ஸபோன் வாசிக்கும் ஆதிலட்சுமிக்கு இருக்கிறது. ஆரம்ப நிலைதான், இப்போதே தெரிந்தது நல்லது என்கிறார் டாக்டர். நல்லது!

சாயங்காலம் ஆதிலட்சுமியின் அம்மா ருக்குமணி வந்து தெருவில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ஊர் ஒலகத்து சேதியெல்லாம் பேப்பர்ல எழுதறியே, ஒன் வூட்டுல ஒம் பொண்ணு இருமனது ஒன் காதுல வுழலியா?"

பக்கத்து வீடுகளில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அல்போன்சா உள்ளே போய்விட்டாள். ரோஸ்லின் மட்டும் என் பின்னால் நின்று கடைசிவரை கேட்டாள்.

நவம்பர் 4, திங்கள்

வேறு இரண்டு வீட்டாரும் பேண்டிலிருந்து பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

நவம்பர் 14, வியாழன்

இனி இவளிடமிருந்து யாருக்கும் பரவாது, பள்ளிக்குப் போகலாம், வாசிக்கவும் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ரோஸ்லின் அந்தத் தாளைத் தானே பிடித்துக்கொண்டு வந்தாள்.

தலைமை ஆசிரியை படித்துப் பார்த்தார். "கிளாஸுக்கு வரட்டும் சார். பேண்ட் மட்டும் இந்த வருஷம் வேணாம். மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க. இவ மேடை ஏறுனா மீதி புள்ளைங்களையும் நிறுத்திடுவாங்க."

வெளியே ஜான் பீட்டர் நின்றிருந்தார். "நான் எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன் சார். ஆனா இவ பகுதிய வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

போகவேண்டாம் என்றேன். ரோஸ்லின் போனாள். நானும் போனேன்.

மைதானத்தில் தரையில் வரிசையாகப் பிள்ளைகள், மடியில் சாப்பாட்டு டப்பா. ரோஸ்லின் கடைசி வரிசையின் ஓரத்தில். அவளுக்கும் அடுத்த பெண்ணுக்கும் நடுவில் இன்னொருத்தி உட்காரலாம். மேடையில் ஐந்து பிள்ளைகள். நன்றாகவே வாசித்தார்கள், டிரம்பெட் பையன் ஓரிடத்தில் பிசிறினான், சமாளித்துக்கொண்டான்.

திடீரென்று எல்லோரும் நிறுத்தினார்கள். ஜான் பீட்டர் மட்டும் கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. அவள் பகுதியை அவர் காலியாக விட்டிருந்தார். ரோஸ்லினின் விரல்கள் டப்பா மூடியின் மேல் ஓடின.

முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து மொத்தப் பள்ளியும் தட்டியது. தலைமை ஆசிரியை எழுந்து மைக்கை வாங்கி நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாஸ்டரின் கை இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது. பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள், பிறகு வாத்தியங்களைக் கீழே இறக்கினார்கள். பாட்டின் மீதி வாசிக்கப்படவே இல்லை.

வில்லியனூரைத் தாண்டியபிறகுதான் வண்டியில் பின்னாலிருந்து பேசினாள்.

"நல்லா தட்டுனாங்க இல்லப்பா?"

"ஆமா."

"நான் வாசிச்சிருந்தா அந்த எடத்துல யாரும் தட்டியிருக்க மாட்டாங்க. பாட்டு முழுசா முடிஞ்சிருக்கும்."