சுடருக்கு நிறுத்திய பிள்ளை

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் பேனாவை எடுத்ததே உன்னோடு சண்டை போடத்தான். போனில் போட்டால் நான் கத்துவேன், நீ அழுவாய், பக்கத்து அறையில் நம் வாண்டு காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

திங்கட்கிழமை காலையில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வகிடு எடுக்கச் சீப்பை வைத்ததும் வீலென்று கத்தினாள். பார்த்தால் வகிடு நெடுகச் சிவந்து கிடக்கிறது, நடுவில் கொப்புளம். காது மடலில் தோல் உரிந்திருக்கிறது. பின்கழுத்தைத் தொடவே விடவில்லை. என்னடி இது என்று கேட்டால், லைப்ரரியில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன் என்கிறாள். நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன்தான், அதற்காக என் காதில் இவ்வளவு பெரிய பூவையா சுற்றுவது? விடாமல் கேட்டதும் அழுதுகொண்டே உண்மையைக் கக்கினாள்.

ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை மைதானத்தில் வரிசை வரிசையாக நிறுத்தி, பள்ளிக்கூடத்துச் சின்னமான விளக்கைப் போல ஒரு உருவம் செய்கிறார்கள். மேலேயிருந்து ட்ரோன் படமெடுக்கும். கறுப்புத் தலைகள் எல்லாம் சேர்ந்து விளக்கு. உச்சியில் சுடர் மட்டும் வெள்ளையாகத் தெரிய வேண்டுமாம். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வெள்ளைத் தலை யாருக்கு இருக்கிறது? தோலிலும் முடியிலும் நிறமியே இல்லாமல் பிறந்த நம் பிள்ளையைத் தேடிப் பிடித்து, தொப்பியைக் கழற்றி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சிமெண்ட் தரையில் நட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் போன வாரம் முழுக்க. சுடராம், சுடர்! எரிகிறது யாருடைய தலை?

இனி அங்கே போய் நிற்காதே என்று சொல்லித்தான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். மனசு கேட்காமல் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடினேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நிழல் என்று அங்கே இருப்பது ஒரே ஒரு மரம். அதன் கீழே டீச்சர்கள் நின்றார்கள். பி.டி. மாஸ்டர் குடை பிடித்துக்கொண்டு விசில் ஊதினார். பிள்ளைகளுடைய தண்ணீர் பாட்டில்கள் சுவரோரம் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. வரிசை கலைந்துவிடுமாம், அதனால் முடிகிறவரை யாரும் குடிக்கப் போகக்கூடாதாம். முன்வரிசையில் ஒரு பையனுக்கு மூக்கெல்லாம் தோலுரிந்திருந்தது. ஒரு பெண் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மாஸ்டரிடம் கேட்டேன். ‘அதெல்லாம் பழகின தோலு சார், ஒண்ணும் ஆகாது’ என்றார். நம் பிள்ளைக்குத் தோல் வெளுப்பு, அதனால் நான் பயப்படுகிறேனாம். மற்றதுகளுக்குக் கறுப்பு, அதனால் வெயில் சுடாதாம். இவரைக் குடையில்லாமல் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு அப்புறம் கேட்க வேண்டும், பழகிடுச்சா சார் என்று.

இன்னொன்றும் கேள். கடைசியில் விசில் அடித்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி, வானத்தைப் பார்த்துச் சிரித்துக் கையாட்ட வேண்டும். அந்த நேரத்தில் சூரியன் எங்கே இருக்கும் என்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை? டியூப் லைட்டுக்கே கண்ணைச் சுருக்குகிற பிள்ளை அவள். நான் பார்த்தபோது கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிகிறது, பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள், கையை ஆட்டுகிறாள். கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். எல்லார் முன்னாலும் என் கையை உதறினாள்.

நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். ஏ.சி. அறை, நன்றாகக் குளிர்ந்தது. ‘நீங்க பெருமைப்படணும் சார், சுடரே உங்க பொண்ணுதான்’ என்றார், ஏதோ எனக்கு விருது கொடுப்பதுபோல. இந்தத் தோல் வெயிலைத் தாங்காது, வெந்துவிடும், இப்படியே விட்டால் பின்னாளில் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சாயங்காலம் வையுங்கள் என்றேன். சிறப்பு விருந்தினர் பதினொரு மணிக்குத்தான் வருகிறாராம். என் பின்னாலேயே அறைக்குள் வந்த ட்ரோன்காரர் நல்ல மனுஷன், அவரே எனக்காகப் பேசினார். எல்லாருக்கும் கறுப்புத் தொப்பி, இந்தப் பிள்ளைக்கு ஒரு வெள்ளைத் தொப்பி, படம் இன்னும் எடுப்பாக விழும் மேடம் என்றார். தொப்பி போட்டால் நிமிரும்போது முகம் தெரியாது, விளம்பரத்துக்கு முகம் வேண்டும் என்று தலைமையாசிரியை அதையும் தட்டிக் கழித்தார். வெளியே வந்ததும் அந்த மனுஷன் தன் போனில் ஒத்திகைப் படத்தைக் காட்டினார். நம் பிள்ளையின் தலை ஓர் அரிசி அளவுகூட இல்லை.

அதற்கு முன்னால், அறையைவிட்டுக் கிளம்பும்போதே தலைமையாசிரியை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். ‘நாங்க கேட்காம நிறுத்தலையே சார். அவங்க அம்மாவே போன்ல சரின்னுட்டாங்களே. வீட்டுல ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க’ என்றார். இத்தனை நேரம் ஊரோடு சண்டை போட்டவன், கடைசியில் உன்னிடம் வந்து மாட்டிக்கொண்டேன்.

நீ ஒரு நர்ஸ். மாதாமாதம் வெயிலுக்குப் பூசுகிற கிரீமை அங்கேயிருந்து பார்சல் பண்ணுகிறாய். காதை விடாதே, கழுத்தை விடாதே என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய். அந்தக் கிரீம் வேர்வையோடு கண்ணில் இறங்கி எரிகிறது என்று அவள் தினமும் ஸ்கர்ட்டால் துடைத்துவிட்டாளாம், தெரியுமா? இதில் நீ சரி என்றாயாமே! எந்த மனதோடு சொன்னாய்?

எந்த மனதோடு என்று எனக்கும் தெரியும். அழுதிருப்பாள். விளையாட்டு, டான்ஸ், சுற்றுலா எல்லாவற்றிலும் ஓரமாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளை. முதல் தடவையாக நடுவில் கூப்பிட்டிருக்கிறார்கள், அவளை வெள்ளெலி என்று கூப்பிட்ட அதே பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். என்னிடம் கேட்டால் நடக்காது என்று தெரிந்து உன்னிடம் கேட்டிருக்கிறாள். கூடவே இருக்க முடியவில்லையே என்கிற குறையில், கேட்டதற்கெல்லாம் தலையாட்டிப் பழகிவிட்டாய். அங்கே நீ படுகிற பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் எனக்கு ஆறவில்லை.

இங்கே நிலைமை இதுதான். கொப்புளத்துக்கு டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். இனி வெயிலில் தலை காட்டவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதை அவளிடம் சொன்னேன். ‘அம்மா சரின்னு சொல்லியாச்சு. உங்களுக்கு வேண்டாம்ங்கிறதைத் தவிர ஒண்ணுமே தெரியாது’ என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தட்டை நகர்த்திவிட்டுப் போகிறாள். தலை வாரவும் வருவதில்லை, அந்தப் புண்ணோடு தானே எதையோ கட்டிக்கொண்டு போகிறாள். விழா வெள்ளிக்கிழமை. அன்று கதவைப் பூட்டி வைக்கத்தான் என்னால் முடியும். அப்படிப் பூட்டினால் அவள் வளர்ந்த பிறகும் என்னை மன்னிக்க மாட்டாள் என்று பயமாக இருக்கிறது.

வெளியே போகாதே, ஜன்னலைத் திறக்காதே, தொப்பியைக் கழற்றாதே என்று இத்தனை வருஷமாக ஒற்றை ஆளாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இந்த ஒரு தடவை நீ சொல். முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, சரி என்றது தப்பு, என் பிள்ளை நிற்க மாட்டாள், மற்ற பிள்ளைகளையும் தொப்பியோடு நிறுத்துங்கள் என்று சொல். பிறகு அவளிடம் நீயே பேசு. அப்பா சொன்னார் என்று என் தலையில் போடாதே. அம்மாவுக்கே பிடிக்கவில்லை என்று சொல். கத்துவாள், உன்னைப் பிடிக்கவில்லை என்பாள், போனைத் தூக்கி எறிவாள். எறியட்டும், நான் பொறுக்கிக்கொள்கிறேன்.

அவள் அழுதால் சமாதானப்படுத்த நான் இங்கே இருக்கிறேன். நீ அழுதால் அங்கே யார் இருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. அதனால் அவளிடம் பேசி முடித்த கையோடு எனக்கும் ஒரு போன் போடு. நான் கத்த மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்