எரிக்கவிடாமல் எடுத்துச் சென்ற எங்கள் மகளின் உருவத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
வெனான்சியோ கலேஹோ,
கொயோட்டி குலம், செரானோ இனம்,
மிஷன் ஓடைக் குடியிருப்பு, கலிபோர்னியா.

பெறுநர்:
பழங்குடியினர் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: துக்கச் சடங்கில் பறிமுதல் செய்யப்பட்ட உருவம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மகள் தங்கள் அரசின் உறைவிடப் பள்ளியில் சென்ற குளிர்காலத்தில் காய்ச்சலில் இறந்தாள். அடக்கம் முடிந்த பிறகே தகவல் வந்தது. உடலைக் கேட்டோம், அவள் உடுத்தியிருந்த பள்ளி உடுப்பை அனுப்பினார்கள். இறந்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. ஆகவே அவள் பெயர் இம்மனுவில் இல்லை. அதைக் குறையாகக் கொண்டு மனுவைத் தள்ளிவிட வேண்டாம்.

2. இலையுதிர் காலத்தில் எங்கள் குலத்தில் இறந்தவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சடங்கு நடத்தினோம். நாணலால் உருவங்கள் கட்டி, அவரவர் துணியை உடுத்தி, கடைசி நாள் விடியலில் எரிப்போம். அதன் பிறகே இறந்தவர்கள் இவ்வுலகை விட்டுப் போகிறார்கள். எங்கள் இறந்தவர்களை நாங்களே எரிப்பதில்லை; எரித்துக் கொடுக்க மறுகுலமான காட்டுப்பூனைக் குலத்தார் வந்திருந்தனர். மகளுக்கு அந்தப் பள்ளி உடுப்பையே என் மனைவி எஸ்தெபானா உடுத்தினாள். வேறு துணியில் அவள் வாசம் இல்லை.

3. கடைசி நாள் விடியும் முன் தங்கள் காவலர் சடங்கு வீட்டுக்குள் வந்து, "இது பள்ளிக்கூட உடுப்பு. சர்க்கார் சொத்தக் கொளுத்தப் பாக்கறீங்களா?" என்று அவ்வுருவத்தைத் தூக்கினார். என் மனைவி, "புள்ளையத்தான் குடுக்கல. இதயும் எடுத்துக்கிட்டா நாங்க எத எரிக்கறது, தம்பி?" என்று கேட்டாள். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மற்ற உருவங்கள் எரிந்தன. இறந்த மற்றவர்கள் போய்விட்டார்கள்.

4. தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். உருவம் கண்ணாடி அலமாரியில், கூடைகளுக்கு நடுவே நின்றது. எழுத்தர், "இங்க இருந்தா நாலு பேரு பாப்பாங்க. அங்க சாம்பலாத்தானய்யா போயிருக்கும்?" என்றார். ஆம் ஐயா, சாம்பலாகத்தான் போயிருக்கும். நாங்கள் கேட்பதும் அதுதான்.

5. இந்த எழுத்தை நானும் அதே பள்ளியில்தான் கற்றேன். அங்கே என் மொழியைப் பேசியதற்கு அடி வாங்கினேன். அப்படியிருந்தும் மகளை அங்கே அனுப்பினேன். அனுப்பாவிட்டால் ரேஷனை நிறுத்துவதாகச் சொன்னார்கள்.

6. மகளை எரித்து அனுப்பும்வரை துக்க நோன்பு என்று எஸ்தெபானா இன்னும் இறைச்சி தொடவில்லை. ஓக் கொட்டைக் கூழ் மட்டும் குடிக்கிறாள்.

உடுப்பு அரசுடையது என்றால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாணலை மட்டும் தாருங்கள். அதற்கு அவள் தாயின் சால்வையைச் சுற்றிவிடுகிறோம். அதையும் தர விதி இடம் கொடாவிட்டால், தாங்களே ஒரு விடியலில் அலுவலக முற்றத்தில் எரித்துவிடுங்கள். எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். வேலிக்கு வெளியே நின்று பாடிவிட்டுப் போய்விடுவோம். கதவைத் திறக்க வேண்டியதில்லை.

இடம்: மிஷன் ஓடை
நாள்: 3 நவம்பர் 1913

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
வெனான்சியோ கலேஹோ
(ஒப்பம்)

எஸ்தெபானா கலேஹோ
(கைநாட்டு)