வாளியோ, மோட்டரோ

அக்கா,

இன்று காலை பக்கத்து வளவுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டேன். உவர்ப்பு நாக்கில் பட்டதும் உங்கள்மேல் இருந்த பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. நீங்கள் போன பிறகும் அது ஆறவில்லை.

தீவுப்பகுதித் தோட்டக்காரர்களுக்கென்று இணையத்தில் இருந்த கேள்வி பதில் குழுவில் நாம் இருவரும்தான் ஓயாமல் எழுதினோம். சரவணையிலிருந்து நான் முந்திக்கொண்டு நீளமாக எழுதுவேன். ஒருவரும் அசையமாட்டார்கள். வேலணையிலிருந்து நீங்கள் எல்லாருக்கும் பிறகு ஆறுதலாக வந்து, "தண்ணி அள்ளுறது வாளியோ, மோட்டரோ?" என்று ஒரு வரி கேட்பீர்கள். உடனே நன்றி அக்கா, நன்றி அக்கா என்று குவியும். நீங்கள் இன்னும் பதிலே சொல்லியிருக்கமாட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் தொலைபேசியில் வாய்விட்டே கேட்டேன். "கேக்காமல் என்னெண்டு பிள்ளை சொல்லுறது?" என்று சிரித்தீர்கள்.

இப்போது குழுவில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் ஏஐயிடம் கேட்கிறார்கள். பக்கத்து வளவுச் சுகந்தியின் மிளகாய்க் கன்றுகள் இலை கருகி நின்றன. நான் வாய் திறக்கமுன் அவள் போனை நீட்டினாள். காலையில் அள்ளும் முதல் வாளித் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், உவர்க்காவிட்டால் பயமில்லை என்றிருந்தது. வாளியால் அள்ளும் யாருக்கோ நீங்கள் எப்போதோ எழுதிய வசனம்.

"இதை ஆர் சொன்னது?" என்றேன்.

"ஒருத்தருமில்லை அன்ரி. அதுவாச் சொல்லுது."

நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட அது எடுக்கவில்லையே என்ற பொறாமைதான் எனக்கு முதலில் வந்தது. செத்தும் நீங்கள்தான் முன்னுக்கு.

முதல் வாளி நல்ல தண்ணீர்தானாம். அதை நம்பி இறைக்கிறாளாம். என் வாயில் தானாக வந்தது: "வாளியோ, மோட்டரோ?"

மோட்டர் என்றாள். போடச் சொன்னேன். மேலே நின்ற மழைத்தண்ணீர் இறைபட்டு முடிய, அடியிலிருந்து குழாயில் வந்ததை வாயில் விட்டுப் பார்த்தோம். விழுங்க ஏலாத உவர். "இனி வாளியால அள்ளி ஊத்து பிள்ளை" என்றேன். உங்கள் பதில் ஏஐக்குள் போயிருக்கிறது, அக்கா. கேள்வி போகவில்லை.

மத்தியானம் இதைக் குழுவில் எழுதினேன். நாங்களும் எழுதாவிட்டால் நாளைக்கு ஏஐ யாரைப் பார்த்துப் படிக்கும்? உங்களைத் திருத்தி என் பெயரில் ஒரு பதில். எத்தனை நாள் ஆசை. அனுப்பப்போகக் கை நின்றது. வேலணை அக்கா எப்போதும் கேட்கும் கேள்வி இது என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். ஒருத்தருமில்லை என்று உங்களைச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பின்னேரம் ஒரேயொரு நன்றி வந்திருந்தது. அதுவும் உங்களுக்குத்தான்.